மிளகாயோடு காய்ந்த லப்டொப் பற்றரி

இதை எழுதினால் புறங்கூறிய பாவம் வருமோ என்று பல வருடங்கள் தயங்கினேன். மனம் ஆறவில்லை. விசுவமடுவில் கரண்ட் இல்லாத குறையைக்கூடச் சகித்தோம். வயர் அண்ணை இருந்த குறையைத்தான் சகிக்க முடியவில்லை.

கழுத்தில் எப்போதும் ஒரு சுற்று வயர். கூப்பிடாமலே வருவார். நன்றாக வேலைசெய்யும் சாமானைக் கண்டால் பொறுக்காது. அவர் திருத்தியபின் எங்கள் றேடியோ சைக்கிள் டைனமோவை மிதித்தால்தான் பாடியது. செய்தி கேட்க நான் வியர்க்கவேண்டும்.

சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் மைத்துனர் லண்டனிலிருந்து லப்டொப்போடு வந்தார். அதில் அங்கே நடந்த எங்கள் மகளின் கல்யாண வீடியோப் படம். அந்தக் கல்யாணத்துக்காக எத்தனையோ வெள்ளி விரதம் இருந்த என் மனைவி, பிள்ளையின் கழுத்தில் தாலி ஏறியதைக் காணவில்லை. மைத்துனருக்கு மறுநாள் விடியப் பயணம். கோயிலுக்குப் போய்வந்து பார்ப்போம் என்று போனோம்.

திரும்பி வந்தால், முற்றத்துப் பாயில் மிளகாயோடு லப்டொப்பின் பற்றரியும் காய்கிறது. பக்கத்தில் வயர் அண்ணை காகம் கலைக்கிறார்.

பற்றரி உள்ளே வரத் தடை இருந்த காலத்தில் நாங்கள் எல்லோருமே ரோச் லைற் பற்றரியை வெயிலில் வைத்து உயிர் கொடுத்தவர்கள்தான். அதற்காக இதையுமா? அது அப்பளம்போல உப்பிக் கிடந்தது.

"சார்ஜ் குறைவெண்டு காட்டினது. அதுதான் கொஞ்சம் சூடு காட்டினனான்" என்றார்.

"என்ர பிள்ளையின்ர கலியாணத்தையெல்லோ மிளகாயோட காயப்போட்டிருக்கிறியள். நீங்கள் மனுசன்தானோ?"

மனைவி குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினாள். அதைப் பார்த்து எனக்கு இன்னும் கொதித்தது.

வயர் அண்ணை எழும்பிப் போனார். பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக்கும் பெட்டி ஒன்றை எங்கேயோ இரவல் வாங்கி வந்தார். எங்கள் உழவு இயந்திரத்தை ஜன்னலோடு நிறுத்தி, அதன் பற்றரியில் பெட்டியைக் கொளுவி, பெட்டியில் லப்டொப்பைக் கொளுவினார். படம் வந்தது. ஆனால் அதுவும் கிழட்டுப் பற்றரி. எஞ்சின் நின்றால் படமும் நிற்கும். அக்சிலேட்டரிலிருந்து கையை எடுத்தால் எஞ்சின் நிற்கும். படம் முடியும்வரை அக்சிலேட்டரை அவரே பிடித்துக்கொண்டிருந்தார். நாதஸ்வரம் ஒன்றும் கேட்கவில்லை, டக்டக்தான். அதற்கும் ஏசினேன்.

திரை அவருடைய முதுகுப் பக்கம். நடுவில் கத்திக் கேட்டார்: "தங்கச்சி, தாலி ஏறிட்டுதோ?"

மனைவி கண்ணைத் துடைத்தாள். "ஓம் அண்ணை. நீங்களும் வந்து பாருங்கோவன்."

"நான் வந்தால் அது நிண்டிடும் பிள்ளை."

பிறகு வந்த சண்டையில் ஊர்ச்சனம் சிதறியபின் அவரைக் காணவில்லை. சொந்தப் பெயர் தெரியாததால், பிள்ளையாரிடம் வயர் அண்ணை என்றே சொல்லி விளக்கு வைக்கிறேன்.

இதை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள், மாற்றாமல் சொல்லுங்கள். பற்றரியை நாசமாக்கியதை விட்டுவிடாதீர்கள். நல்லதை மட்டும் சொன்னால் அது வேறு யாரோ.