மூன்றடிச் சந்தும் கறுப்புக் கோட்டும்

பெங்களூரில் நிலத்தகராறு என்று ஒன்று இல்லாமல் போயிருந்தால், பாரிஸ்டர் தானே ஒன்றைக் கிளப்பி, வாதிக்கும் பிரதிவாதிக்கும் தானே ஆஜராகி, இரண்டு பக்கத்துக்கும் வாய்தா வாங்கியிருப்பார். அவ்வளவு தொழில் பக்தி.

பாரிஸ்டர் என்றதும் லண்டனில் படித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். மனிதர் மேற்கே போன அதிகபட்ச தூரம் ஊர் எல்லையிலிருக்கும் கெங்கேரி. அதுவும் ஒரு மனைத் தகராறுக்காக. பட்டத்தைக் கொடுத்தது எங்கள் பேட்டையான ஆஸ்டின் டவுன் ஜனங்கள். ஏப்ரல் வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றாதவரை வேறு என்னவென்று கூப்பிடுவது? காய்கறி வாங்க, முடி வெட்டிக்கொள்ள, கல்யாணப் பந்தியில் உட்கார, எல்லாவற்றுக்கும் அதே கோட்டுதான். கழுத்தில் தையல்காரர் மாதிரி ஒரு டேப் தொங்கும். கையில் குடை. அது மழைக்கு அல்ல. சரியாக மூன்றடி நீளம் என்பதால் அளப்பதற்கு. மழை பிடித்துக்கொண்டால் குடையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு தான் நனைவார். கேட்டால், "கம்பி துருப்பிடிச்சா அளவு தப்பிடும் தம்பி" என்பார்.

அவருடைய சேம்பர் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. அரை சேம்பர் என்பதுதான் நியாயம். ஒரே சீனியரிடம் தொழில் கற்ற பாரிஸ்டரும் இன்னொரு வக்கீலும், சீனியர் காலமானதும் அந்த அறையைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். இருவருமே சொத்து வழக்கில் கரை கண்டவர்கள். எனவே தங்கள் பாகப்பிரிவினையை எவ்வளவு சுமுகமாக முடித்திருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். நடுவில் தலை உயரத்துக்கு ஒரு ப்ளைவுட் தடுப்பு. தடுப்புக்கு நேர் மேலே ஒரே ஒரு ஃபேன். அது யாருடையது என்பதில் மனஸ்தாபம் வந்து, நான் அங்கே காலடி வைத்தபோது இருவரும் பேசி எட்டு வருஷம் ஆகியிருந்தது. பாரிஸ்டர் அந்த வக்கீலின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார். 'அந்தப் பாதி' என்பார். குமாஸ்தா நஞ்சப்பா மட்டும் இரண்டு பாதிக்கும் பொது.

"நஞ்சப்பா, அந்தப் பாதிகிட்ட ஃபேன் போடச் சொல்லு."

நஞ்சப்பா தடுப்பைச் சுற்றி நாலடி நடந்து, "சார், ஃபேன் போடணுமாம்" என்பார்.

"காதுல விழுந்துச்சுன்னு சொல்லு. எனக்குக் குளிருதுன்னும் சொல்லு."

இந்த நீதி தேவதையின் சன்னிதிக்கு நானும் அம்மாவும் போய்ச் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். எங்களுடையது பின்வீடு. முன்வீட்டை ஒட்டி மேற்குப் பக்கமாக மூன்றடி அகலச் சந்து ஒன்று தெருவுக்குப் போகும். எங்களுக்கு அது ஒன்றுதான் வழி. முன்வீட்டை வாங்கி இடித்து ஃப்ளாட் கட்டக் கிளம்பிய பில்டர், சந்தும் தன்னுடையதே என்றார். குறுக்கே ஒரு சுவர் வைத்துவிட்டால் நாங்கள் பறந்துதான் போக வேண்டும், அல்லது வந்த விலைக்கு வீட்டை அவரிடமே தள்ளிவிட வேண்டும். அப்பா போன பிறகு அம்மாவுக்கு மிஞ்சியிருந்தது அந்த வீடுதான்.

"சந்தை அடைச்சிட்டா சிலிண்டர் எப்படி சார் வரும்?" என்று அம்மா அழுதாள். "நாளைக்கு என்னைத் தூக்கிட்டுப் போறதுக்காவது ஒரு வழி வேணாமா?"

பாரிஸ்டர் கொஞ்சமும் அசையாமல் யோசித்தார். "அதுக்கு ரெண்டரை அடி போதும்மா. அரையடி உங்களுக்கு லாபம்."

அம்மாவுக்கு அழுகை நின்றுவிட்டது. வேறு வக்கீல் பார்க்கலாம் என்று எனக்கு ஜாடை காட்டினாள். அதற்குள் அவர் குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவரிடம் பத்திரத்தை நீட்டினேன். தொடவில்லை. "பத்திரம் பொய் சொல்லும் தம்பி. வீடு பொய் சொல்லாது" என்றார். ஒரு விதத்தில் சரிதான். எங்கள் பத்திரத்தில் கிழக்கெல்லை முனியப்பா வீடு, மேற்கெல்லை வேப்பமரம் என்று இருந்தது. முனியப்பாவும் போய்விட்டார், மரமும் போய்விட்டது. பாரிஸ்டர் நேராக எங்கள் பூஜை அறைக்குள் போய் நின்றார். அங்கே சுவரில் முருகன் படம் மாட்டியிருந்தது. அவர் கும்பிடுகிறார் என்று நினைத்து அம்மா விபூதித் தட்டை நீட்டினாள். அவர் கும்பிடவில்லை. திசை பார்த்துக்கொண்டிருந்தார்.

"காம்பஸ் கெட்டுப்போகும். சாமி படத்தை எந்த வீட்லயும் கிழக்கு பார்த்துதான் மாட்டுவாங்க. முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு சாமியும் என்னைக் கவுத்ததில்ல."

அந்த முருகனை வைத்து நான்கு திசையும் குறித்துக்கொண்டு போய், சேம்பரில் மனுவை, எனக்குப் பாதி புரியாத கோர்ட் இங்கிலீஷில், உரக்கச் சொல்லி டைப் அடிக்க வைத்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் பில்டருக்கு வக்கீல் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "சார், மெதுவா..." என்றேன். "கேக்கட்டும் தம்பி. கேட்டு நடுங்கட்டும்" என்றார். அந்தப் பக்கம் நடுங்கிய சத்தம் எதுவும் வரவில்லை. பன் கடிக்கிற சத்தம்தான் வந்தது.

எப்படியோ தடை உத்தரவு கிடைத்தது. கிடைத்த மறுநாளே பாரிஸ்டர் எங்களுக்கு ஒரு சட்டம் போட்டார். "வழின்னா நடக்கணும்மா. நடக்காத வழி செத்த வழி. நீங்க தினம் ஏழு தடவை நடங்க. ஞாயித்துக்கிழமை நான் வந்து நடக்கிறேன்."

சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தோம். அந்த ஞாயிறு காலை பத்து மணிக்குக் கறுப்புக் கோட்டு தெருமுனையில் தெரிந்தது. சந்துக்குள் நுழைந்து, குடையைக் குறுக்காகப் பிடித்து அகலம் பார்த்துக்கொண்டே எங்கள் வாசல் வரை வந்தார். அம்மா கொடுத்த காபியைக் குடித்தார். திரும்பி நடந்தார். தெருவை எட்டியதும், "ஆயித்து!" என்று ஊர் கேட்கக் கத்தினார். முடிந்தது என்று கன்னடத்தில் சொன்னால்தான் கோர்ட்டில் நிற்கும் என்பது அவர் கட்சி. பிறகு ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து, சந்து வாயில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடும் மணியிடம் நீட்டி, சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

இது ஒரு வாரமா, ஒரு மாசமா? இரண்டு வருஷம் நடந்தது. தீபாவளியன்று வந்தார். காவிரிக் கலாட்டாவில் கடைகள் அடைத்துக் கிடந்த ஞாயிறன்றும் வந்தார். ஒருமுறை நூற்றிரண்டு டிகிரி ஜுரத்தோடு வந்து, நஞ்சப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து, "ஆயித்து" என்று முனகிவிட்டுப் போனார். தெருக்காரர்கள் அவரைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள். அம்மாவுக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. "என்னமோ சாமி புறப்பாடு மாதிரி வாராவாரம்! இந்த ஆளுக்கு வீட்ல வேலையே இல்லையா?" என்பாள். சொல்லிக்கொண்டே ஞாயிறு டிக்காஷனை மட்டும் கொஞ்சம் கெட்டியாக இறக்குவாள்.

ஃப்ளாட் வேலை சந்துப் பக்கம் வந்த ஒரு சனிக்கிழமை, சந்து முழுக்கச் செங்கல் இறங்கியது. பதறி ஓடி, தடை உத்தரவு இருக்கிறதே என்று கேட்டேன். பில்டர் சிரித்தபடி காகிதத்தைக் காட்டினார். "நல்லாப் படிங்க. கிழக்குப் பக்கச் சந்துக்குத்தான் ஸ்டே. இது மேற்கு. திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சுவர் எழும்பிடும்."

 மறுநாள் பத்து மணிக்குப் பாரிஸ்டர் வந்தார். செங்கல் மேல் ஏறி, சறுக்கி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு எங்கள் வாசலில் இறங்கினார். விஷயத்தைச் சொன்னேன். மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தார். தொழிலுக்கு வந்தபின் அவர் சூரியனைப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். பிறகு பூஜை அறைக்கு ஓடினார்.

"அம்மா, இவர் எப்பம்மா திரும்பினாரு?"

"யாரு சார்?"

"முருகன்!"

அம்மா மென்று விழுங்கினாள். "அந்தச் சுவத்துல மழைக்கு ஒழுகுச்சு சார். நனையுறாரேன்னு எடுத்து எதிர் சுவத்துல மாட்டினேன். நீங்க மொத தடவ வர்றதுக்கு ஒரு வாரம் முந்தி."

பாரிஸ்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முருகன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், மேற்கு நோக்கி.

திங்கட்கிழமை முதல் வேலையாகத் திசையைத் திருத்தக் கேட்டு பாரிஸ்டர் மனு கொடுத்தார். கோர்ட்டில் கன்னடமும் இங்கிலீஷுமாக நடந்ததைத் தமிழில் தருகிறேன். அந்தப் பாதி எழுந்து பிளந்து கட்டினார். மனு டிக்டேட் ஆன நாளிலேயே தவறைக் காதால் கேட்டு, இரண்டு வருஷம் ஊறுகாய் போட்டு வைத்திருந்தவர் அல்லவா! "இந்த அம்மாள் வேண்டுமென்றே பொய் சொல்லியிருக்கிறார். இல்லாத கிழக்குச் சந்தைக் காட்டி கோர்ட்டை ஏமாற்றியிருக்கிறார்" என்றார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.  அவள் வாழ்நாளில் அவளைப் பொய்க்காரி என்று யாரும் சொன்னதில்லை.

கட்சிக்காரர் தப்பாகச் சொன்னார் என்று ஒரே வரியில் தப்பித்துக்கொள்ள பாரிஸ்டருக்கு வழி இருந்தது. எந்த வக்கீலும் அதைத்தான் செய்வான். ஃபேன் விஷயத்தில் பத்து வருஷமாகத் தன் பக்கம் தவறு என்று ஒத்துக்கொள்ளாத மனிதர் இவர் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அவர் எழுந்தார். "அந்த அம்மா சரியாத்தான் சொன்னாங்க. தப்பு என்னோடது. சூரியனைப் பார்க்கிறதுக்குப் பதிலா முருகனைப் பார்த்துட்டேன்" என்றார். பிறகு ஒழுகின சுவரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். கோர்ட்டே சிரித்தது. முப்பது வருஷ சர்வீஸ் அந்தச் சிரிப்பில் போய்க்கொண்டிருந்தது. அவர் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"வழி எந்தப் பக்கம் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்றார் ஜட்ஜ். சாட்சி நோட்டு ஜட்ஜிடம் போனது. நூற்றுச் சொச்சம் ஞாயிறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து. பின்வரிசையிலிருந்த இஸ்திரி மணியை முன்னால் வரச் சொன்னார்கள்.

"சந்து கிழக்கா, மேற்கா?"

"எனக்கு கிழக்கு மேற்குலாம் தெரியாதுங்க சாமி. இந்தக் கறுப்புக் கோட்டு ரெண்டு வருஷமா எந்தச் சந்துல வந்துகினு போயினு இருந்துச்சோ, அதான் சந்து."

ஜட்ஜ் நோட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். "உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை கிடையாதா?" என்று கேட்டுவிட்டு, திசையைத் திருத்திக்கொள்ள அனுமதி கொடுத்தார். தடை மேற்குக்கு வந்தது. சாயங்காலம் செங்கல் போயிற்று. வராந்தாவில் அந்தப் பாதி, பத்து வருஷத்தில் முதல் தடவையாக, நஞ்சப்பா இல்லாமல் நேராகப் பேசினார்: "திசை தெரியாத முண்டம்!" பாரிஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பேசிட்டான் பாத்தியா!" என்று என் முதுகில் தட்டினார்.

தீர்ப்பும் எங்கள் பக்கமே வந்தது. இனி ஞாயிறு நிம்மதி என்று நினைத்தோம். "அப்பீல் போனா?" என்று தொடர்ந்து வந்தார். அப்பீல் கெடுவும் முடிந்தது. "இருக்கட்டும், காபி நல்லாயிருக்கு" என்று வந்தார்.

சில வருஷம் கழித்து ஒரு புதன்கிழமை அம்மா போனாள். ஞாயிறு இல்லை, ஆனாலும் கோட்டு வந்தது. சந்தில் நாலு பேர் சேர்ந்து திரும்ப இடம் போதவில்லை. பாரிஸ்டர் முன்னால் போய், குடையால் கொடிக்கயிற்றுத் துணிகளை ஒதுக்கி, "மெதுவா, இடப்பக்கம் குழாய் இருக்கு, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே அம்மாவைத் தெரு வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். எங்கும் இடிக்கவில்லை.

தெருவில் அவர் "ஆயித்து" என்று சொல்லவில்லை. வழக்கம் மாறாமல் நோட்டை எடுத்தார். இஸ்திரி மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். பாரிஸ்டர் கொடுக்கவில்லை. "இன்னிக்கு நானே போடுறேன்" என்று சொல்லி, குடை மேல் வைத்துத் தன் கையெழுத்தைப் போட்டு, நோட்டை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

அவ்வளவு கோணலான கையெழுத்தை நான் எந்த வக்கீலிடமும் பார்த்ததில்லை. வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் தேட வேண்டும். அந்த நோட்டை இருட்டில் கூட எடுத்துக் கொடுப்பேன்.