ஒண்ணா, ரெண்டா?

அரங்கில் விளக்கு போட்டதும்தான் கண்ணாடிக்காரருக்கு விழிப்பு வந்தது. விளக்கு போட்டுவிட்டார்கள் என்றால் படம் முடிந்துவிட்டது. படம் முடிந்துவிட்டது என்றால் அவர் தொலைந்தார்.

பக்கத்து இருக்கை மடங்கிக் கிடந்தது. மனைவி தோளில் பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது, மூக்கு நுனியும் சிவந்திருந்தது. படம் அவளை அழ வைத்திருக்கிறது! தூங்கியது தெரிந்தால் கதை கந்தல்.

கல்யாண நாளும் அதுவுமாக அவளே ஆசைப்பட்டுக் கூட்டி வந்த படம் இது. ஏற்கெனவே மச்சினன் கல்யாண வரவேற்பில் முன்வரிசையில் உட்கார்ந்து தூங்கியவர் அவர். மாடி வீட்டுக்காரருக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில் குறட்டையே விட்டார். ஒருமுறை அவள் ஏதோ முக்கியமான விஷயம் என்று ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோதும் கண் சொக்கிவிட்டது. அந்த முக்கியமான விஷயம் என்னவென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. திருப்பிக் கேட்கத் தைரியம் வரவில்லை.

படத்துக்கு என்னவோ வாயில் நுழையாத பெயர். எல்லோரும் "கதவுப் படம்" என்றுதான் சொன்னார்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டி மட்டுமே. கையில் பெட்டியோடு ஒரு பெண் நிற்கிறாள், அவளுக்கு எதிரே இரண்டு கதவுகள். ஒரே மனுஷிக்கு எத்தனை வாழ்க்கை என்று கேட்கும் அறிவியல் படமாம். கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் படிக்கும்போதே அவருக்கு முதல் கொட்டாவி வந்துவிட்டது.

வெளியே வந்த கூட்டம் ஆளுக்கொரு முகத்தோடு வந்தது. ஒருவர் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குள் தலையை விட்டு, இதை யார் எனக்கு விளக்கப்போகிறீர்கள் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போகும்போது கைகோத்துப் போன ஒரு ஜோடி இரண்டடி தள்ளித் தள்ளி நடந்தது. ஒரு பெரியவர் மட்டும் ஏசி அருமை என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் நிறுத்தத்தில் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"அவ அந்த வீட்டுலயே இருக்கிறது சரியா, பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்புறது சரியா? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் பூராவும் இதே மாதிரிக் கேள்வியைக் கேட்டுப் பிழைப்பவர் அவர். நாற்காலியில் உட்காருகிறவர் மூக்கின்மேல் வட்டமான கனத்த சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா? ஒண்ணா, ரெண்டா?" என்பார். ஜனங்கள் சொத்தே போய்விடுகிற மாதிரி முழிப்பார்கள். சும்மா தோணுறதைச் சொல்லுங்க, தப்பே கிடையாது என்று தட்டிக்கொடுப்பார். இன்றைக்குத் தட்டிக்கொடுக்க ஆளில்லை. இந்த மாதிரிப் படங்களில் பெட்டியைத் தூக்கினவள் போகாமல் இருந்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை. குத்துமதிப்பாக அடித்துவிட்டார்.

"கிளம்புறதுதான் சரி."

"அவன் தடுக்க வேண்டாமா?"

"எதுக்குத் தடுக்கணும்? அவ வாழ்க்கை, அவ இஷ்டம்."

நாலு பேர் மதிக்கிற மாதிரி பேசிவிட்டோம் என்று அவருக்கே பெருமையாக இருந்தது. பஸ் வந்தது. வீடு சேரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில் பரணிலிருந்து பெட்டி கீழே இறங்கியிருந்தது. ஈரத்துணியால் அதன் மூலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்கே என்று கேட்டார். அக்கா வீட்டுக்கு என்றாள். அக்கா வேறொரு ஊரில் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறாள். கூடவே வந்து இரு, பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடு என்று வெகு காலமாகக் கூப்பிடுகிறாள்.

"எத்தனை நாளு?"

"பாக்கலாம்."

அவருக்குப் பகீரென்றது. சோபா வாங்கலாமா என்று அவர் கேட்டபோதும் அவள் பாக்கலாம் என்றுதான் சொன்னாள். வீட்டில் இருக்கிற இரண்டு பேரும் இன்றைக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்காருகிறார்கள்.

இதெல்லாம் அந்தப் பாழாய்ப்போன படத்தால் வந்தது. கேள்விக்குத் தப்பான பதிலைச் சொல்லிவிட்டோம், அதுதான் கோபம். சரியான பதில் வேண்டுமென்றால் கதை தெரிய வேண்டும். கதை தெரிய வேண்டுமென்றால் படம் பார்த்தவர் யாராவது சிக்க வேண்டும்.

முதலில் சிக்கியது கடைக்குக் கண் சோதிக்க வந்த ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். சட்டத்தை மாட்டியதும் பேச்சுக் கொடுத்தார். டீச்சர் படத்தைப் பார்த்திருந்தார். மனசே ஆறவில்லை என்றார். கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண் போகிறாளாம், வெளியே தெருவெல்லாம் தண்ணீராம், பஸ்ஸில் மீன்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றனவாம், அதில் ஒரு மீன் எழுந்து இவளுக்கு இடம் கொடுக்கிறதாம். வீட்டை விட்டுப் போகாதே என்பதுதான் அதன் அர்த்தம், எனக்கு அப்போதே புரிந்துவிட்டது என்று டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அந்த உற்சாகத்தில் டீச்சருக்கான கண்ணாடியை ஒரு பஸ் டிரைவரின் கண்ணாடிக் கூட்டில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஆரம்பித்தார்.

"யோசிச்சுப் பாத்தேம்மா. அவ போகக்கூடாது. வெளியே பூரா தண்ணி. பஸ்ல மீனு உக்காந்திருக்கு."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"மீனா?"

முதல்முறையாகக் கேள்விப்படுகிற மாதிரி கேட்டாள். டீச்சர் கவிழ்த்துவிட்டார் என்று அவருக்கு வியர்த்துவிட்டது.

"மீனுன்னா... ஒரு பேச்சுக்கு."

"ஓஹோ. வெளியே போனா மூழ்கிடுவா. அதனால பயந்துக்கிட்டு உள்ளேயே கிடக்கணும். அதானே?"

பெட்டிக்குள் இன்னும் இரண்டு துணி போயிற்று.

அடுத்த நாள் டிரைவர் கடைக்குள் கையை நீட்டித் தடவிக்கொண்டே வந்தார். "ரோடு ரெண்டா தெரியுது சார். நான் எதுல போறது?"

மன்னிப்புக் கேட்டு, காப்பி வாங்கிக் கொடுத்து, புதுக் கண்ணாடி தயாராகும்வரை உட்கார வைத்தார். டிரைவரும் கதவுப் படம் பார்த்தவர்தான் என்று தெரிந்ததும் காப்பியோடு பிஸ்கட்டும் வந்தது. மீனா, எந்த மீன் என்றார் டிரைவர். மீன் வந்தபோது அவர் கழிவறைக்குப் போயிருக்கலாம். அவர் பார்த்த படம் வேறு.

"அவ புருஷன் மனுசனே இல்ல சார், மெஷினு. வேலை முடிஞ்சு வந்தா செவுத்துல சொருகிக்கிட்டு சார்ஜ் ஏத்திக்கிறான். இவ பேச ஆரம்பிச்சா அவனுக்குக் கண்ணு தானா மூடிக்குது."

அந்த மெஷினுக்காகத் தியேட்டரில் அழுத ஒரே ஆள் தான்தான் என்றார். அட, ஆம்பளை பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறதே என்று கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதை அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

"அவன் மேல தப்பே இல்லம்மா. அவன் ஒரு மெஷின். போறான், வரான், சார்ஜ் போட்டுக்கிறான். வேற என்ன செய்வான்?"

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"தான் மெஷின்னு அவனுக்குத் தெரியுமா?"

"பாவம், கடைசி வரைக்கும் தெரியாது."

"தெரிஞ்சா என்ன செய்வான்?"

இதை டிரைவர் சொல்லவில்லை. "அது... படத்துல காட்டல."

உள்ளறையில் பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம் நீளமாகக் கேட்டது.

இனி யாரையும் நம்புவதற்கில்லை. மறுநாள் மதியம் கடையைப் பூட்டிவிட்டுத் தானே பார்த்துவிடுவது என்று கிளம்பினார். இரண்டு காப்பியை ஸ்ட்ராங்காகப் போடச் சொல்லிக் குடித்தார். முதல் வரிசையில் கழுத்து வலிக்க உட்கார்ந்தார். தொடையைக் கிள்ளிக்கொண்டார். திரையில் ஒரு கதவு வந்தது. என்னவோ ரீங்காரம் கேட்டது. அடுத்து அவர் பார்த்தது டார்ச் லைட்டை. இருக்கை காட்டும் ஆள் அவர் தோளை உலுக்கி, படம் முடிஞ்சிருச்சு சார், கூட்டிப் பெருக்கணும் என்றார்.

வாசலுக்கு ஓடிப்போய்க் கடைசியாக இறங்கிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண்ணை மடக்கினார். அவள் படு தெளிவாக இருந்தாள். மீனும் கிடையாது, மெஷினும் கிடையாது அங்கிள், அதெல்லாம் கனவு என்றாள். இரண்டு கதவும் ஒரே வீட்டுக்குள்தான் திறக்கின்றன, அவ்வளவுதான் படம் என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கண்ணாடிக்காரருக்கு நடையே மாறிவிட்டது. இதில் யார்மேலும் தப்பில்லை, யாரும் எங்கும் போக வேண்டியதில்லை. இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது. வீட்டுக்குள் நுழைந்ததுமே சொன்னார்.

"ரெண்டு கதவும் ஒரே வீட்டுக்குத்தாம்மா போகுது. எதைத் திறந்தாலும் அதே வீடு, அதே ஆளு. பின்ன எதுக்கு அலையணும்?"

அவள் சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு. ஜெயித்துவிட்டோம் என்று அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"எனக்கும் அதான் தோணுச்சு. எதைத் திறந்தாலும் அதே ஆளுதான்."

காலையில் எழுந்தபோது பெட்டி வாசல் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. சாயங்காலம் பஸ் என்றாள். ஃபிரிட்ஜில் தோசை மாவு இருக்கிறதா என்று தேடிக்கொண்டு நிற்காமல் கடையிலேயே சாப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றாள். வழியனுப்ப வர வேண்டாம், உங்களுக்கு எதற்கு அலைச்சல் என்றாள். செருப்பை மாட்டும்போது, போகாதே என்று சொல்லலாமா என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் படத்தில் அவன் தடுத்தானா இல்லையா என்று தெரியாமல் எப்படிச் சொல்வது? மறுபடியும் தப்பாகிவிட்டால்? வாயை மூடிக்கொண்டு கடைக்குப் போனார்.

அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. ஒரு அம்மாள், ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு என்று சொன்னபோது, உட்காரக்கூட முடியாமல் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தார்.

வெளிச்சம் மங்கி, எதிர்க் கடையில் விளக்குப் போட்டார்கள். அவளுடைய பஸ் இந்நேரம் பாலத்தைத் தாண்டியிருக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு கடைசி ஆளாக ஒருவர் உள்ளே வந்தார். தியேட்டரில் இருக்கை காட்டும் டார்ச் ஆள். இருட்டில் இருக்கை எண்ணே தெரியவில்லை சார், நேற்று ஒரு குடும்பத்தை இன்னொரு குடும்பத்தின் மடியில் உட்கார வைத்துவிட்டேன் என்று வருத்தப்பட்டார்.

கண்ணாடிக்காரருக்கு உயிர் வந்தது. தினமும் படத்தைப் பார்க்கிற ஒரே ஆள்! சட்டத்தை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவ கிளம்பும்போது அவன் தடுக்கிறானா, இல்லையா?"

"நான் எங்க சார் திரையைப் பாக்குறேன். எனக்கு முதுகு அந்தப் பக்கம், டார்ச்சு இந்தப் பக்கம். ஆளுங்களைத்தான் பாப்பேன்." அவர் சிரித்தார். "உங்களை மறக்க முடியுமா? அந்தப் படத்துக்கு ரெண்டு தடவை வந்து ரெண்டு தடவையும் தூங்கினது நீங்க ஒருத்தர்தான்."

"மெதுவாச் சொல்லுங்க. முதல் தடவை தூங்கினது எங்க வீட்டம்மாவுக்குத் தெரியாது. அவ முழுசாப் பாத்துட்டு அழுதுட்டா."

டார்ச் ஆள் கனத்த சட்டத்தோடு நிமிர்ந்தார். அதில் ஒரு கண்ணுக்குத்தான் லென்ஸ் போட்டிருந்தது.

"அவங்களா? அவங்க எங்க சார் படம் பாத்தாங்க? பேரு போடும்போதே போன் வந்து வெளியே வந்தவங்க, கடைசி வரைக்கும் அந்தச் சுவரொட்டிக்குக் கீழே படிக்கட்டுலதான் உக்காந்திருந்தாங்க. நடுவுல ஒரு தடவை உள்ளே வந்து உங்களை உலுக்கிப் பாத்தாங்க, நான்தான் டார்ச்சு அடிச்சேன். நீங்க எந்திரிக்கல."

கண்ணாடிக்காரர் கையில் இரண்டாவது லென்ஸ் இருந்தது. அதைச் சட்டத்தில் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்ல அம்மா சார். 'நான் வரேனா இல்லையான்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்க்கா'ன்னு போன்ல அழுதுக்கிட்டே சொல்லிட்டிருந்தாங்க," என்றார் டார்ச் ஆள். "கேட்டாங்களா சார்?"