அலமாரிக்குள் பாடிய ஆல்பம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் இசை இதழைப் பதினோரு ஆண்டுகளாக விடாமல் வாசித்துவரும் வாசகி எழுதுவது. தாங்கள் நலம், தங்கள் அச்சு இயந்திரம் நலம், தங்கள் மூக்குக்கண்ணாடியும் இந்த மாதம் இதுவரை உடையவில்லை என்று நம்புகிறேன். சென்ற இதழில் தாங்கள் எழுதியிருந்த ஆல்பம் விமர்சனம் குறித்து என் கடும் ஆட்சேபணையைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். மூன்று வாரம் தாமதம்தான். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் பேனாவும் தாளும் நானும் ஒரே இடத்தில் சேர அவ்வளவு நாள் ஆகிறது.

அண்ணா, நான்தான். உன் தங்கை. ஃபோனில் சொல்லலாமென்று நான்கு தடவை கூப்பிட்டேன். நான்கு தடவையும் “ஹலோ... ஹலோ... ஒண்ணுமே கேக்கல, லைன் சரியில்ல” என்று வைத்துவிட்டாய். லைனுக்கு ஒன்றும் கேடில்லை. நான்தான் கிசுகிசுத்துக்கொண்டிருந்தேன். ஏன் கிசுகிசுத்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். வீட்டு முகவரிக்குப் போட்டால் ‘அப்புறம் பார்க்கலாம்’ குவியலில் போய்ச் சேரும், ஆசிரியருக்கு என்று போட்டால் யாராவது திட்டியிருப்பார்களோ என்று உடனே பிரிப்பாய். யோசித்துப் பார்த்தால், திட்டித்தான் எழுதுகிறேன்.

உன் மாப்பிள்ளை டிரம்ஸ் வாசிக்கும் ராக் குழுவின் முதல் இரண்டு ஆல்பங்களை நீ என்ன பாடு படுத்தினாய் என்று நினைவிருக்கிறதா? முதலாவதை “தகரக் கடை இடிந்து விழுந்த ஓசை” என்றாய். இரண்டாவதை “அதே கடை, மறுபடியும்” என்று ஒரே வரியில் முடித்தாய். அவர் இரண்டு வருஷம் உன் முகத்தில் விழிக்கவில்லை. கட்டியவரா, கூடப் பிறந்தவனா என்று நடுவில் நின்று நான் முழி பிதுங்கினேன். அப்படிப்பட்ட நீ இந்த மூன்றாவது ஸ்டுடியோ ஆல்பத்தை மட்டும் நான்கு பக்கத்துக்குப் புகழ்ந்து தள்ளியிருக்கிறாய். “முரட்டுக் குழு ஒன்று தன் குரலைத் தாழ்த்திக்கொண்டு மனிதர்களோடு பேசத் தொடங்கியிருக்கிறது” என்கிறாய். அண்ணா, அவர்கள் யாரோடும் பேசவில்லை. உன் மருமகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நடந்ததைச் சொல்கிறேன். அவர்கள் வழக்கமாகப் பதிவு செய்யும் நிலவறை ஸ்டுடியோவில் குழாய் வெடித்து முழங்கால் அளவு தண்ணீர் நின்றுவிட, இவர் “பத்தே நாள்” என்று சொல்லி மொத்தக் குழுவையும் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார், பத்து நாள் ஐந்து மாதமாயிற்று, பாடகர் இடி (பட்டப்பெயர்தான், ஆனால் முதல் ஆல்பத்தைக் கேட்டவர்கள் யாரும் காரணம் கேட்பதில்லை), கிட்டார் வாசிக்கும் கம்பி, ஒலிப்பதிவு செய்யும் பெண், இவர் என நான்கு பேர், ஒன்பது மைக், கணக்கில்லாத வயர், எல்லாம் குழந்தையின் அறைக்குப் பக்கத்து அறையில். பொடிசு விழித்திருந்தால் மைக்கைக் கடிப்பாள், வயரை இழுப்பாள், டிரம்ஸுக்குள் தலையை விடுவாள், அதனால் அவள் தூங்கும்போதுதான் பதிவு. பதிவு தொடங்கினால் அவள் விழித்துவிடுவாள். அவள் விழித்தால் பதிவு நின்றுவிடும். முதல் வாரம் முழுக்க அவர்கள் பதிவு செய்தது, பாட்டின் முதல் பதினோரு விநாடியும் அதன்பின் என் பிள்ளையின் அழுகையும்தான். அந்த அழுகையைக் கேட்டு இடி, “அண்ணி, இவ என்னைவிட மேல் சுருதிக்குப் போறா” என்று பொறாமைப்பட்டான்.

இயற்பியல் படித்தவள் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. துணி ஒலியை உறிஞ்சும் என்று சொல்லி, எங்கள் படுக்கையறை அலமாரியில் கோட்டுகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவே இடியை நிறுத்திக் கதவைச் சாத்தியது நான்தான். ஆறடி ஆள், கழுத்தை மடித்துக்கொண்டு.

“அண்ணி, உள்ள மூச்சு முட்டுது.”

“முட்டட்டும்ப்பா. மூச்சு இருந்தாத்தானே கத்துவ.”

நீ “காயம்பட்டவனின் நெருக்கமான குரல்” என்று எழுதியிருப்பது அதைத்தான். காயம் உண்மை, கொக்கியில் நெற்றியை இடித்துக்கொண்டான். இவர் டிரம்ஸ் குச்சிகளை ஒளித்து வைத்துவிட்டு, பால்புட்டி கழுவும் பிரஷால் வாசித்தார். எல்லாப் பாட்டும் ஏன் ஒரே மாதிரி அசைந்தாடுகிறது என்று வியந்திருக்கிறாயே, கம்பி குழந்தையின் அறைக்குள்ளேயே நின்று வலது காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே வாசித்தான், தொட்டில் எந்த வேகத்தில் ஆடியதோ பாட்டும் அந்த வேகத்தில் ஆடியது.

ஐந்தாவது பாட்டின் நடுவில் வரும் நாற்பது விநாடி மௌனத்துக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறாய். “ஓசையை நம்பி வாழ்ந்தவர்கள் ஓசையின்மையை நம்பத் துணிந்த கணம்.” அந்தக் கணத்தில் நான் கதவருகே நின்றிருந்தேன். பொடிசு புரண்டு படுத்து மூக்கைச் சுருக்கினாள். இவர் பிரஷைத் தூக்கிய கையோடு சிலையாகிவிட்டார். கம்பி ஒற்றைக் காலில். ஒலிப்பதிவுப் பெண் தும்மலை விழுங்கி விழுங்கிக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டாள். அலமாரிக்குள் இருந்தவனுக்கு மட்டும் ஒன்றும் புரியாமல், “என்னடா ஆச்சு, எல்லாரும் செத்துட்டீங்களா?” என்று முணுமுணுத்தான். இருபத்தெட்டாவது விநாடியில் கவனமாகக் கேட்டால் அதுவும் இருக்கிறது. “தொலைவில் ஒரு பிரார்த்தனை” என்று நீ எழுதியது அதுதானே? நன்றாக இரு.

ஆல்பம் நன்றாக இல்லை என்று நான் சொல்லவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. அடுப்படியில் தனியாக இருக்கும்போது நானும் கேட்கிறேன். என் கவலை வேறு.

ஐந்து மாதம் கிசுகிசுத்துக் கிசுகிசுத்து எங்கள் யாருக்கும் தொண்டை திறப்பதில்லை. அவள் தூங்கும்போது மட்டும் என்று தொடங்கியது, விழித்திருக்கும்போதும் ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் என் தொண்டை போய்விட்டது என்று நினைத்து வாரம் ஒரு இருமல் மிட்டாய்ப் பொட்டலம் தருகிறார். அதெல்லாம் போகட்டும். இந்த ஐந்து மாதத்தில்தான் பொடிசு பேசப் பழகினாள். ஒரு வயது பத்து மாதம் ஆகிறது, இருபது வார்த்தை தெரியும், இருபதையும் ரகசியம் மாதிரிதான் சொல்கிறாள். “தண்ணி” என்பதை யாரையோ காட்டிக்கொடுப்பதுபோல என் காதில் ஊதுகிறாள். முதல் வாரம் இடியின் சுருதியை மிஞ்சிய அந்த அழுகைகூடப் போய்விட்டது. வாய் கோணுகிறது, கண்ணீர் வருகிறது, சத்தம் வருவதில்லை. காது டாக்டரிடம் காட்டினேன். “காது பிரமாதமா இருக்கும்மா. வீட்ல எல்லாரும் கொஞ்சம் சத்தமா பேசுங்க” என்றார். அவரும் கிசுகிசுத்துத்தான் சொன்னார். எங்களோடு பத்து நிமிஷம் இருந்தால் யாருக்கும் அப்படி ஆகிவிடுகிறது.

போன வியாழக்கிழமை அவளைக் காணோம். கட்டிலுக்கடியில், திரைக்குப் பின்னால், குளியலறையில், மாடிப்படியில் எல்லாம் தேடினேன். இருபது நிமிஷம், அண்ணா. கடைசியில் அந்த அலமாரிக் கதவைத் திறந்தேன். உள்ளே ஏறி உட்கார்ந்திருக்கிறாள், கதவு தானாகச் சாத்திக்கொண்டிருக்கிறது. “அம்மா, அம்மா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். மெதுவாக. யாரையும் எழுப்பிவிடாமல். அந்த வழியாக மூன்று தடவை போயிருக்கிறேன், எனக்குக் கேட்கவில்லை.

அன்று முடிவு செய்தேன், போதும் என்று. அதற்குள் உன் நான்கு பக்கம் வந்துவிட்டது. நாலாவது ஆல்பத்தையும் எங்கள் வீட்டிலேயே பதிவு செய்யப்போகிறார்களாம். வருகிற திங்கட்கிழமை தொடங்குகிறார்கள். நான் வாயைத் திறக்கும் முன் இவர், “உங்க அண்ணனே எழுதிட்டாரு, இந்த மூச்சுதான் எங்களோட புது சவுண்ட்னு. இனிமே மாத்த முடியுமா?” என்கிறார். இரண்டு வருஷம் உன் பேரைச் சொன்னாலே எழுந்து போனவர், இப்போது உன் விமர்சனத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, தங்கள் பாராட்டை அடுத்த இதழிலேயே திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன். ‘மறுபடி கேட்டேன், தூக்கம் வருகிறது, பழைய தகரக் கடையே தேவலை’ என்று இரண்டு வரி போதும். உனக்கு அது கஷ்டமில்லை, முன்பு பழக்கம்தான். மனது வரவில்லையென்றால் இந்தக் கடிதத்தையே பெயர் போடாமல் வெளியிடு. அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், இன்னொரு இரண்டு வருஷம் உங்கள் நடுவில் நின்றுவிட்டுப் போகிறேன். என் பிள்ளைக்குக் கத்தத் தெரிய வேண்டும்.

அண்ணிக்கு என் அன்பு. அவள் முதுகுவலி குறைந்ததா? நீ வேளைக்குச் சாப்பிடு, நாற்காலியிலேயே தூங்காதே. எல்லோரும் நீண்ட ஆயுளோடு, நல்ல தொண்டையோடு இருக்க வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள வாசகி,
உன் தங்கை

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் உன் மாப்பிள்ளை எடுத்துப் படித்துவிட்டார். “என் ஆல்பத்தை திட்டச் சொல்றியா? அதுவும் உங்க அண்ணன்கிட்ட?” என்று கிசுகிசுப்பாகத்தான் ஆரம்பித்தார். “உங்களுக்கு ஆல்பம், எனக்கு பிள்ளை” என்று நானும் கிசுகிசுப்பாகத்தான் சொன்னேன். எப்போது குரல் ஏறியதென்று தெரியவில்லை. ஐந்து மாதத்துச் சண்டை மொத்தமும் வந்தது. நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த பொடிசு, எழுந்து நின்று, இரண்டு கையையும் இறுக்கிக்கொண்டு, “சத்தம்!” என்று ஒரு அலறல் அலறினாள் பார், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இவர் அழுதுவிட்டார். நான் அப்போதே அழுதுகொண்டிருந்தேன்.

அது நடந்து மூன்று நாள் ஆகிறது. இன்னும் அவள் நிறுத்தவில்லை. தண்ணி என்று கத்துகிறாள், வேணாம் என்று கத்துகிறாள், காரணமே இல்லாமலும் கத்துகிறாள். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, “நீங்க வீடு காலி பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன்” என்றார். குழு வந்து ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, இனி இந்த வீட்டில் ஒன்றும் பதிவு செய்ய முடியாதென்று தண்ணீர் வற்றிய ஸ்டுடியோவுக்கே திரும்புகிறதாம். ஆகவே மேலே சொன்ன எதையும் செய்யாதே. ஒரு வார்த்தையைக்கூடத் திரும்பப் பெறாதே. முடிந்தால் இன்னும் நான்கு பக்கம் பாராட்டி, திங்கட்கிழமையே அவர்களை இங்கே வரவழைத்துவிடு. நான்கு பேரும் கூடி மறுபடி கிசுகிசுத்தால், இவளுக்கு அதில் பாதியாவது ஒட்டும், எனக்குத் தலைவலியாவது நிற்கும்.

இதோ, அடுத்த அறையிலிருந்து “அம்மா” என்கிறாள். மூன்றாவது தடவை. அவர் பக்கத்தில்தான் இருக்கிறார், ஒன்றும் அவசரமில்லை. நான்காவதையும் கேட்டுவிட்டுப் போகலாமென்று உட்கார்ந்திருக்கிறேன்.