நட்டஈட்டு அண்ணையின் முப்பத்தோராவது கடிதம்

2024 செப்டெம்பர் 10, செவ்வாய். காலை 6.50க்கு வெள்ளவத்தை சைட்டுக்குப் போனேன். வானிலை, வந்த ஆட்கள், சீமெந்து லொறி எல்லாவற்றையும் பதிந்தேன். 7.30க்குப் பால் விடாத பிளேன்ரீ. மாலைக் கூட்டம் வரைக்கும் வழக்கமான நாள்தான்.

காகத்தால் வேலை கெட்டதென்று நட்டஈடு கேட்டவர் கொழும்பிலேயே ஒருவர்தான் இருப்பார். அவரை நாங்கள் நட்டஈட்டு அண்ணை என்போம். எங்கள் கம்பனி கட்டிய ஒன்பது மாடிக் கட்டடத்தில், கல் கட்டும் வேலையைத் துணை ஒப்பந்தமாக எடுத்திருந்தார். வேலை தடைப்பட்டால் இருபத்தெட்டு நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. அதைத் தேவாரம் போலப் பாடமாக்கி வைத்திருந்தார்.

கல் வரிசை நேராக வரக் கட்டும் மட்டநூலைக் காகம் தூக்கிப் போனது: அரை மணி இழப்பு. கரையோர ரயிலில் யாரோ கை காட்ட, மேசன்மார் வேலையை விட்டுத் திரும்பிக் கை காட்டியது: தடவைக்கு இரண்டு நிமிடம். பக்கத்து வீட்டில் மீன் பொரித்த வாசத்தில் ஆட்கள் பதினொரு மணிக்கே சோற்றுப் பார்சலைப் பிரித்தது: ஒரு மணி.

“அண்ணை, மீன் வாசத்துக்கு யாரிட்ட நட்டஈடு கேக்கிறது?”

“அதை உங்கட கம்பனி யோசிக்கட்டும், தம்பி. நான் அறிவிச்சிட்டன். என்ர கடமை முடிஞ்சுது.”

கடிதங்களை வாங்கிப் பதிவது என் வேலை. இவருடையதை மட்டும் நான் பதிவதில்லை. ஒரு மஞ்சள் கோப்பில் சேர்த்து, தேநீர் நேரத்தில் உரக்க வாசிப்பேன். எஞ்சினியருக்குப் புரையேறும். கிடைத்ததற்கு முத்திரை குத்தித் தரும்படி அண்ணையும் கேட்டதில்லை.

“உங்களிட்டயும் சீல் கேட்டா நான் மனிசனே?”

ஜூலையில் சாமான் ஏற்றும் லிஃப்ட் பழுதாகிப் பதினெட்டு நாள் நின்றது. கல் மேலே போகவில்லை. ஏழாம் மாடியில் இருபது மேசன்மார் சும்மா இருந்து கடலைப் பார்த்தார்கள். அவர்களுக்கு நாட்கூலி கொடுக்க அண்ணை தன் வான் வண்டியை விற்றார். அப்போது தந்த முப்பத்தோராவது கடிதத்தில் காகமும் இல்லை, மீனும் இல்லை. இரண்டே வரி. அது தெரியாமல், பிறகு வாசிக்கலாமென்று, பிரிக்காமலே மஞ்சள் கோப்பில் போட்டேன்.

அந்தச் செவ்வாய் மாலை, அண்ணையும் வந்திருந்த கூட்டத்தில் மெனேஜர் என்னைக் கேட்டார்:

“லிஃப்ட் நிண்டதுக்கு இவர் லெட்டர் தந்தவரோ?”

கோப்பு என் மேசை லாச்சியில்தான் இருந்தது.

“பதிவில இல்லை, சேர்” என்றேன்.

அது முழு உண்மை. அதனால்தான் இன்னமும் கூசுகிறது.

அண்ணை மெனேஜர் பக்கம் திரும்பினார்.

“தம்பி பிழை விடமாட்டார், சேர். நான்தான் குடுக்க மறந்திருப்பன்.”

இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற தாளை மெனேஜர் நீட்ட, வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். ஒவ்வொரு அரை மணிக்கும் கணக்குக் கேட்ட மனிதர், என் பெயர் கெடாமலிருக்கப் பதினெட்டு நாளை விட்டுக்கொடுத்தார்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக, அந்தக் கடிதத்தைப் பிரித்து, அடியில் ‘ஜூலை 22 என் கையில் கிடைத்தது, பதியாதது என் பிழை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, கொட்டாஞ்சேனையில் அண்ணையின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.