வேர் பார்க்கும் அமல்ராஜ்

செடி வளர்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், மீன் வளர்ப்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். மீன் தொட்டிக்குள் செடி வளர்க்கப் புறப்பட்ட புதியவர் என்று மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். வலது சட்டைக் கை மட்டும் எந்நேரமும் ஈரமாக இருக்கும்.

மேனாம்பேடு அமல்ராஜ் இந்த இனத்தின் அசல் மாதிரி. மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகர். போல்ட்டையே நம்பாமல் அளந்து பார்க்கிற மனிதர் செடியை மட்டும் நம்பிவிடுவாரா? ஜன்னலோரம் இருந்த மனைவி சகாயமேரியின் தையல் மிஷினை இருட்டு மூலைக்குத் தள்ளிவிட்டு, இரண்டடித் தொட்டி வைத்து, மண் பரப்பி, விளக்கு மாட்டி, ஆறு வகைச் செடி நட்டார். செடி விற்ற ஜாபஸ் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தான்.

“அண்ணாத்தே, ஒரு மாசம் கைய உள்ள உடாத. அது பாட்டுக்கு வேர் புடிச்சுக்கும்.”

“சரிப்பா” என்றார். கேட்டாரா? மறுநாள் காலை, பல்கூடத் தேய்க்காமல், ஒரு செடியை மெல்லப் பிடுங்கி, வேர் விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, விடவில்லையே என்று வருந்தி, மறுபடி நட்டு, நட்டது கோணல் என்று பிடுங்கி நேராக நட்டு, பக்கத்துச் செடி கோபித்துக்கொள்ளுமே என்று அதையும் பிடுங்கினார். அன்றிலிருந்து வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை. இலைகள் அழுகின. கண்ணாடியில் பாசி மட்டும் செழித்தது, பிடுங்கிப் பார்க்க அதற்கு வேர் கிடையாது.

மூன்றாவது வாரம் சகாயமேரி பொறுமை இழந்தாள்.

“இன்னாங்க, ஞாயித்துக்கெழம வரைக்கும்தான். ஒரு எலகூட பச்சையா நிக்கலன்னா தொட்டி மொட்ட மாடிக்கு, என் மிஷினு ஜன்னலுக்கு.”

அமல்ராஜ் பயந்துவிட்டார். பயந்தவர் என்ன செய்வார்? பரிசோதனையை மூன்று வேளையாக்கினார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தால், செடிகள் அத்தனையும் மேலே மிதந்தன. மனிதருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. முகம் கழுவப் பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். பழைய பெயின்ட் வாளித் தண்ணீரில் பச்சைப் பசேலென்று ஒரு புதர்.

“மேரி, இது எப்புடி?”

“நீங்க கழிச்சுப் போட்ட துண்டுங்கதான். கொஞ்சம் மண்ணு, தண்ணி ஊத்தி அதுல போட்டேன். அப்பால அந்தப் பக்கமே பாக்கல.”

அமல்ராஜ் பூரித்துப்போனார். பிழைத்தது தொட்டி, பிழைத்தது மானம்! மெதுவாகச் சட்டைக் கையை மடித்தார்.

“கை எங்க போவுது?”

“ஒண்ணுமில்ல மேரி, வேர் புடிச்சிருக்கான்னு மட்டும்…”

சகாயமேரி வாளியைத் தூக்கி மதில் மேலாகப் பக்கத்து வீட்டு ரேவதியிடம் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் ஜன்னலோரம் தையல் மிஷின் ஓடியது. அமல்ராஜ் இப்போது தினமும் மதிலருகே நின்று எக்கிப் பார்க்கிறார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இந்தக் கதை எப்படி முடிகிறது என்று பாதியிலேயே இங்கே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனீர்களே, உங்கள் வலது சட்டைக் கையைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள்.