எண்பதாம் நம்பர் போர்ட்

மூன்றாவது முறையாக சி.டி.யைப் போட்டும் சர்வர் எழுந்திருக்கவில்லை. திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது: எண்பதாம் நம்பர் போர்ட் காலி இல்லை.

சண்முகவள்ளிக்கு அன்று வேலையில் முதல் நாள். வெப்சைட் செய்கிற வேலை. அதற்கு முதலில் கம்ப்யூட்டரில் சர்வர் என்கிற புரோகிராம், போர்ட் என்கிற நம்பர் போட்ட வாசலைப் பிடித்து ஓட வேண்டும். சிக்கல் என்ற தன் ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து ராமநாதபுரம் வந்து, "கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருக்கேன் சார்" என்று அவள் நின்றபோது, மேனேஜர் சதக்கத்துல்லா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"பொம்பளப் பிள்ளையவா அனுப்பியிருக்காக?"

"ஏன் சார், பொம்பள தொட்டா ஓடாதா?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. அது ரெண்டு நாளாப் படுத்துக் கெடக்கு. சாயங்காலத்துக்குள்ள ஓட வைங்க. ஏலலைன்னா சொல்லிருங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைச் சுட்டது. மிளகாய்க் காட்டை விட்டுப் படிக்கக் கிளம்பியபோது அவள் அய்யாவும் அதையேதான் சொன்னார். அப்போதும் அவள் திரும்பிப் போகவில்லை. கேவலம் ஒரு போர்ட்டிடமா தோற்பது?

எண்பதாம் நம்பரைப் பிடித்து வைத்திருந்த புரோகிராமைத் தேடி நிறுத்தினாள். மூலையில் கிடந்த பிரிண்டர் திடீரென்று உயிர்பெற்று, இரண்டு நாளாகத் தேங்கிய லாரி லோடு சீட்டையெல்லாம் துப்பத் தொடங்கியது. வாசலில் நின்ற டிரைவர்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்கள்.

"என்னம்மா இது? முந்தாநாள் போன லோடு இன்னிக்கும் போகுது?" என்று சதக்கத்துல்லா ஓடி வந்தார்.

"பிரிண்டர நிறுத்திடுறேன் சார்."

நிறுத்தினாள். கூடவே ஆபீஸில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டருக்கும் நெட் போயிற்று. ஆன்டி வைரஸ்தான் தடுக்கிறது என்று அதைக் கழற்றினாள். கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாக எழுந்தது. அதிலிருந்த தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, தோளில் பையும் பையில் ஸ்க்ரூ டிரைவருமாக ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"மதுரையிலருந்து வாரேன். பேரு மலையாண்டி. கம்ப்யூட்டர் பாக்கணும்னு சொன்னாக."

முதுகுக்குப் பின்னால் வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டார்களா? சண்முகவள்ளி எழுந்துபோய் வாசலை மறித்தாள்.

"இங்கன ஆளு இருக்கு. நீங்க கெளம்புங்க."

"வரச் சொன்னாகளேம்மா."

"சொன்னவுக கிட்ட நான் பேசிக்கிறேன்."

அவர் தலையைச் சொறிந்தபடி மாடிப்படிப் பக்கம் ஒதுங்கினார். இவள் நேரே மேனேஜர் மேசைக்குப் போனாள்.

"ஒரு நாளு பொறுக்க மாட்டீகளா சார்? யாரக் கூட்டியாந்தாலும் அந்த நாற்காலிய விட்டு நான் எந்திரிக்க மாட்டேன்."

சதக்கத்துல்லாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் நின்ற தோரணையைப் பார்த்து, "சரிம்மா, நல்லா உக்காருங்க" என்றார்.

ஐந்து மணிக்கு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. எண்பதை விட்டுத் தள்ளிவிட்டு, சர்வருக்கு எட்டாயிரத்து எண்பதாம் நம்பர் போர்ட்டைக் கொடுத்தாள். வெள்ளைத் திரையில் கொட்டை எழுத்தில் வந்தது: 'இட் ஒர்க்ஸ்'.

"வந்து பாருங்க சார்" என்று ஆபீஸையே கூப்பிட்டாள். எல்லோரும் வந்து நின்று பார்த்தார்கள். பிரிண்டர் ஓடவில்லை, நெட் இல்லை, தமிழ் இல்லை.

"வேலை செய்யுதுன்னு அதுவே சொல்லுது. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?" என்றார் சதக்கத்துல்லா.

"பொம்பள தொட்டாலும் ஓடும் சார்" என்று சண்முகவள்ளி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அப்போது டீ கொடுத்துவிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த பாண்டியம்மாள் சொன்னாள்: "மேல இருக்க கம்பெனியில வெப்சைட் வேலைக்கு இன்னிக்குச் சேர வேண்டிய சிக்கல் ஊருப் பொண்ணு வரவே இல்லையாம் சார், நம்ம கம்ப்யூட்டர ரிப்பேர் பாக்க வந்து படியில நின்ன மலையாண்டிங்கிறவரப் பிடிச்சு அந்த வேலையில உக்கார வச்சிட்டாக."