கடதாசி ஃபோனும் சிம்பிள் தம்பியும்

ஒரு காரியத்தைச் சுலபமாக்குகிறேன் என்று தொடங்கி, இதைத் தொடாமலே விட்டிருக்கலாமே என்று எல்லோரையும் ஏங்க வைப்பதில் மெல்பேர்னில் சிம்பிள் தம்பியை மிஞ்ச ஆள் இல்லை. சிட்னியையும் சேர்த்துச் சொல்லலாம். ஆனால் சிட்னியை எனக்கு அவ்வளவாகத் தெரியாது, பொய் சொல்லக்கூடாது.

அவனுக்குப் பெற்றோர் வைத்தது முருகனுடைய பெயர். ஆனால் எதைக் கேட்டாலும் "ரொம்ப சிம்பிள் ஆன்ட்டி" என்றுதான் அவன் பதில் தொடங்கும். என் வீட்டுக்காரர் ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு 'சிம்பிள்' என்று பெயர் வைத்தார். அதன் பிறகு முருகப்பெருமானே வேலோடு வந்து பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தாலும் அவன் திரும்பியிருக்க மாட்டான்.

எங்கள் வீடு பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்பதால் பின்னால் உள்ள இரண்டு அறைகளையும் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுப்போம். அதில் ஒன்றுக்குத்தான் சிம்பிள் விருதுநகரிலிருந்து வந்து சேர்ந்தான். ஃபோனில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பற்றிய படிப்பு. இதற்கெல்லாம் ஒரு படிப்பா என்று இவர் கேட்டார். நான் கேட்கவில்லை. சுப்பர்மார்க்கெட்டில் நாமே காசு கட்டும் மெஷினுக்கு முன்னால், பின்னுக்கு வரிசை நிற்க, ஒரு கத்தரிக்காயோடு தடுமாறியவர்களுக்குத் தெரியும், அதற்குப் படிப்பு கட்டாயம் வேண்டும் என்று.

வந்த முதல் மாதமே, நாங்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து என் குசினியைச் சிம்பிளாக்கி வைத்தான். காலையில் முதலில் கை போகிற சாமான் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமாம். காலையில் முதலில் நான் எடுப்பது சுவாமிக்குக் கற்பூரம், அடுத்தது தேநீருக்குச் சீனி. இரண்டையும் ஒரே டப்பாவில், நடுவில் ஒரு மட்டை வைத்துப் போட்டுவிட்டான். அடுத்த நாள் இவர் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"என்னப்பா, சுகமில்லையோ?" என்றேன்.

"இல்லை. தீபாராதனை நடக்குது. முடியட்டும்."

அவ்வளவு நடந்தும் அவனைக் கோபிக்க முடியவில்லை. காரணம், அவனுக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. ஊரில் அவன் அப்பாவின் அச்சகத்தை மூட வேண்டி வந்துவிட்டது. அடுத்த தவணைப் படிப்பு தொடங்குமுன் கம்பஸுக்குள்ளேயே ஒரு வேலை கிடைக்க வேண்டும். வெளியே போய்வரக் கார் இல்லை, பகல் முழுக்க வகுப்பு. வேலை கிடைக்காவிட்டால் படிப்பைப் பாதியில் விட்டு ஊருக்குப் போவதுதான் வழி.

வேறு யாராக இருந்தாலும் வேலை தேடுவார்கள். சிம்பிள், வேலை தேடுகிறவர்களுக்கு ஒரு ஆப் செய்யத் தொடங்கினான்.

"கேம்பஸ்ல வேலை இருக்கு ஆன்ட்டி. ஆனா ஒண்ணு காஃபி கடை கதவுல ஒட்டிருக்கு, ஒண்ணு லைப்ரரி சுவத்துல இருக்கு, ஒண்ணு யாரோ வாத்தியார் ஈமெயில்ல இருக்கு. எல்லாத்தையும் ஒரே எடத்துல கொண்டுவந்துட்டா போதும். ரொம்ப சிம்பிள்."

இவர் பத்திரிகையை இறக்காமலே சொன்னார்: "தண்ணி விடாய்க்கு ஒரு சொம்பு தேடாமல், கிணறு வெட்டப் போறான்."

கிணறு கடதாசியில் தொடங்கியது. வெள்ளைத் தாள்களை ஃபோன் அளவுக்கு வெட்டி, ஒவ்வொன்றிலும் பொத்தான்களைப் பேனாவால் கீறி, என் எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்தான். நான் தாளில் பொத்தானைத் தொட வேண்டும். தொட்டதும் அதை எடுத்துவிட்டு அடுத்த தாளை அவன் வைப்பான்.

"இப்ப நான் ஆள் இல்ல ஆன்ட்டி. ஃபோன். ஃபோன் பேசாது. நீங்க என்ன நெனக்கிறீங்களோ அதைச் சத்தமாச் சொல்லிக்கிட்டே அமுக்குங்க."

அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. நான் மஞ்சள் விரலால் ஒரு பொத்தானை அமத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்றை அமத்தினேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது சரியோ தம்பி?"

பதில் இல்லை.

"தம்பி, பருப்பு அடிப்பிடிக்கிற மாதிரி மணக்குது. உனக்கு மணக்கேல்லையோ?"

மூக்கு விரிந்தது. வாய் திறக்கவில்லை. ஃபோன் அல்லவா? நான் எழும்பி ஓடிப்போய்ப் பார்த்தபோது பருப்பு கரியாகியிருந்தது. திரும்பி வந்தால், நான் தொட்டதும் ஒன்றும் நடக்காத அந்தத் தாளைக் கிழித்துப்போட்டுப் புதிதாகக் கீறிக்கொண்டிருந்தான். அன்று இரவு ஃபோனுக்கும் சேர்த்து வெறும் ரசம்தான்.

கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் மனம் ஆறுவான் என்று நினைத்தேன். எல்லோரும் சுவாமியைப் பார்க்க, அவன் சாப்பாட்டு வரிசையைப் பார்த்தான். எந்த இடத்தில் ஆட்கள் தயங்குகிறார்கள் என்று கவனிக்க வேண்டுமாம். சாம்பாரடியில் சற்று நின்ற ஒரு வயதானவரைப் பிடித்துக்கொண்டான்.

"அங்கிள், இங்க ஏன் நின்னீங்க? எது உங்களைக் குழப்புச்சு?"

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்டும் குழப்பேல்லைத் தம்பி. இன்னொரு கரண்டி விடுவினமோ எண்டு பாத்தனான்."

"வேணும்னா கேட்டிருக்கலாமே?"

"கேக்கிறதோ?" என்று அவர் திடுக்கிட்டுப் போய்விட்டார்.

நான் வெட்கத்தில் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவனோ காரில் வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். "நம்மாளுங்க கேக்க மாட்டாங்க ஆன்ட்டி. நின்னு பாப்பாங்க."

அந்த வார்த்தை அவன் ஆப்பையே கவிழ்த்துவிடப் போகிறது என்று அப்போது அவனுக்கும் தெரியாது. கடதாசி போய் உண்மையான ஃபோனில் ஆப் வந்தபோது, முதலில் மற்ற அறையிலிருந்த கயல்விழியிடம் கொடுத்தான். கோயம்புத்தூர்ப் பிள்ளை. கணக்கில் புலி. நவராத்திரிக்கு வீடு நிறைய வந்த சனத்துக்குத் தனியாகச் சமைத்துப் போட்டவள். ஆப் அவளிடம், உங்கள் திறமைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது. அவள் கணக்குக்கு ஒன்று போட்டாள். சமையலுக்கும் ஒன்று. உங்களுக்குப் பொருத்தமான வேலை எதுவும் இல்லை என்று ஆப் பணிவாகச் சொல்லிவிட்டது.

சிம்பிள் தலையில் கை வைத்தான். "ஏன் ஒண்ணு போட்ட?"

"பின்ன, நானே எனக்கு அஞ்சு போட்டுக்கவா? பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"யாரும்மா பாக்குறாங்க? அது மெஷின்."

"மெஷினா இருந்தா மட்டும்? கண்ணு பட்டுரும். அம்மாவுக்குத் தெரிஞ்சா சுத்திப் போடுவாங்க."

கம்பஸிலிருந்து நம்முடைய பிள்ளைகள் வேறு சிலரையும் கூட்டி வந்தான். எல்லோரும் ஒன்று, இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒருவன் இரண்டு போட்டு, அதுவும் கடவுள் புண்ணியத்தில் என்று பக்கத்தில் எழுதியிருந்தான்.

"உண்மையைத்தானே எழுதியிருக்குது பிள்ளை" என்றேன்.

"ஆன்ட்டி, கடவுள் புண்ணியத்துக்கு ஆப்ல கட்டம் இல்ல."

சில நாள் சோர்ந்துபோய்க் கிடந்தான். ஒருநாள் நான் ஒரு சிநேகிதியோடு ஃபோனில் கயலைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். அவள் சமையல், கணக்கு, விடிய எழும்புவது, விளக்கு வைப்பது என்று நான் நிறுத்தவே இல்லை. எதிர் சோபாவில் சுருண்டு கிடந்த சிம்பிள் எழுந்து உட்கார்ந்தான்.

"ஆன்ட்டி, நம்மாளுங்களுக்குத் தன்னைப் பத்திச் சொல்ல வராது. பக்கத்து ரூம் புள்ளையைப் பத்திக் கேட்டா நிறுத்தத் தெரியாது. அப்படித்தானே?"

அன்றே நட்சத்திரங்களைத் தூக்கிவிட்டான். இனி வேலை கேட்கிறவர் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். அவரை அறிந்த இன்னொருவர் சொல்லுவார். கயலுக்காக நான் சொல்ல, அவன் அப்படியே ஆங்கிலத்தில் அடித்தான். நமக்குப் பிள்ளைகளைப் புகழத் தெரிந்தது கலியாணம் பேசுகிற முறையில் மட்டும்தானே? நல்ல குடும்பம், கெட்ட பழக்கம் இல்லை, வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடாது, தலை நிமிராத பிள்ளை என்றெல்லாம் போயிற்று. கம்பஸ் காஃபி கடை நடத்துகிற பெண்மணி அவளைக் கூப்பிட்டு, எல்லாம் திருப்தி, ஆனால் தலை நிமிராவிட்டால் வாடிக்கையாளரை எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டாளாம். கயல் நிமிர்ந்து சிரித்தாள். வேலை கிடைத்தது.

பிறகு இன்னொரு பிள்ளைக்கு. அதற்குப் பிறகு வேறொன்றுக்கு. கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று இவரே ஒப்புக்கொண்டார்.

ஒரு மாலை சிம்பிள் குசினி வாசலில் வந்து நின்றான்.

"ஆன்ட்டி, அடுத்த மாசம் ரூமை வேற யாருக்காவது குடுத்துருங்க."

"ஏன் ராசா?"

"ஊருக்குப் போறேன். டிக்கெட் போட்டா முடிஞ்சுது. ரொம்ப சிம்பிள்."

இவர் பத்திரிகையை மடித்து வைத்தார். "உன்ர ஆப்பில வேலை ஒண்டும் இல்லையோ?"

"இருக்கு அங்கிள். லைப்ரரில உதவி மேசைக்கு ஆள் கேட்டிருக்காங்க. புதுசா வர்ற பசங்களுக்கு கம்ப்யூட்டர்ல வழி காட்டணும்."

"பிறகென்ன?"

"என்னைப் பத்திச் சொல்ல ஒருத்தர் வேணும்ல."

"கேட்டியோ?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "எப்படி அங்கிள் கேக்குறது?"

ஊருக்கெல்லாம் கூச்சத்துக்கு மருந்து கண்டுபிடித்தவன், அந்தக் கோயில் பெரியவர் மாதிரிக் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். இவர் கையை நீட்டினார். அவன் ஃபோனைக் கொடுத்தான். இவர் கண்ணாடியைப் போட்டு, ஒற்றை விரலால் ஆங்கிலத்தில் அடிக்கத் தொடங்கினார். அதற்குள் நான் பால் காய்ச்சி, ஆற்றி, மூன்று பேருக்கும் ஊற்றிவிட்டேன். அவர் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருமுறை நிமிர்ந்தார்.

"நான் உனக்கு ஆர் எண்டு கேக்குது. முதலாளி, விரிவுரையாளர், நண்பர், வீட்டுச் சொந்தக்காரர். வீட்டுச் சொந்தக்காரர் எண்டு போட்டால், வாடகை வாற ஆசையில சொல்லுறன் எண்டு நினைப்பினம்." யோசித்துவிட்டு, நண்பர் என்பதை அமத்தினார்.

எழுதியதை எனக்கு வாசித்துச் சொன்னார். இவன் எங்கள் குசினியைக் குழப்பியவன், தேநீரைக் கெடுத்தவன் என்றுதான் தொடங்கியிருந்தது. பிறகு இப்படி: "என் மனைவி பொத்தானைப் பிழையாக அமத்திய ஒவ்வொரு முறையும் இவன் அவளைத் திருத்தவில்லை. தன்னுடைய கடதாசியைத் திருத்தினான். உங்களிடம் தடுமாறி வருகிற பிள்ளைகளுக்கு இப்படி ஒருவன் வேண்டும்."

நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு எத்தனை அலுவலக மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். நீ செய்தது பிழை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கடதாசியில் பிழை என்று ஒருவரும் சொன்னதில்லை. இது இவருக்குத் தெரிந்திருந்தது என்பது எனக்குத் தெரியாது.

லைப்ரரியில் கூப்பிட்டுப் பேசினார்கள். உன்னுடைய நண்பருக்கு என்ன வயது என்று மட்டும் சிரித்துக்கொண்டே கேட்டார்களாம். வரும் திங்கட்கிழமை வந்துவிடு என்றார்கள். அவன் ஓடிவந்து செய்தி சொன்னபோது இவர் "ம்" என்றுவிட்டுத் தோட்டத்துக்குப் போய், ஏற்கனவே தண்ணீர் ஊற்றிய கறிவேப்பிலைக்கு மறுபடியும் ஊற்றினார்.

அடுத்த நாள் காலை நான் மோதகத்துக்கு மா வறுத்துக்கொண்டிருந்தேன். இவர் எட்டிப் பார்த்தார்.

"இண்டைக்கு என்ன விசேஷம்?"

"நேர்த்திக்கடன். பெடியன் போகாமல் நிண்டால் பிள்ளையாருக்கு மோதகம் வைக்கிறன் எண்டு நேந்தனான்."

அவர் மா டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அப்ப இன்னும் கொஞ்சம் மா போடும்" என்றார். "நானும் நேந்தனான்."